தண்ணிச் சீட்டு

கஸ்தூரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரே வேலையை மறுபடி மறுபடி கையால் செய்யச் சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். முதல் தடவை சிரித்த முகத்தோடு செய்வாள். இரண்டாம் தடவை உதட்டைச் சுழிப்பாள். மூன்றாம் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதற்கு ஒரு மேக்ரோ எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மேக்ரோ என்றால் மந்திரம் ஒன்றும் இல்லை. 'முதலில் இதைச் செய், அப்புறம் அதைச் செய், இப்படி இருந்தால் அப்படிப் போ' என்று எக்செலுக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு ஒரு பட்டனை அழுத்தினால் போதும், முகம் சுளிக்காமல் செய்துகொண்டே இருக்கும். மனிதர்களிடம் இந்த வசதி இல்லையே என்பது கஸ்தூரியின் நெடுநாள் வருத்தம்.

வேங்கிக்காலில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அடி அண்ணாமலையில் வேர்க்கடலை பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்து, பிளஸ் டூ முடித்து, டவுனில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். அங்கே சொல்லிக் கொடுத்தது 2003ஆம் வருஷத்து எக்செல். அதைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறாள். கடை முதலாளி இரண்டு புது கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டும் மூலையில் இருக்கும் அந்தப் பழுப்பேறிய பெட்டியை விட்டு அவள் நகரவில்லை. அதற்கு இன்டர்நெட் கிடையாது. சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நிதானம்.

"புதுசுல உக்காரேன்மா, வேகமா இருக்கும்" என்பார் முதலாளி.

"வேகம் நான் பாத்துக்கறேன்ண்ணா. இது எனக்கு அடங்கி நடக்குது" என்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் நானூறு பெயர் எழுதிய நோட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கஸ்தூரி அதை ஊர்வாரியாகவும் பஸ் போகும் வழிவாரியாகவும் பிரித்துக் கொடுத்துவிடுவாள். பத்திரிகை வைக்கப் போகிறவர் செங்கத்துக்கு இரண்டு தடவை அலைய வேண்டாம். கடைக்குப் பக்கத்து டெய்லர் ஒருவரிடம் இருந்த முந்நூறு பேர் ஜாக்கெட் அளவையும் எக்செலில் ஏற்றி, பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் அளவு வருகிற மாதிரி செய்து கொடுத்தாள். அவள் கணவர் கலையரசன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் முதல் வண்டியாக யார் நிற்பது என்று தினமும் காலையில் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கும் ஒரு மேக்ரோ எழுதி, மாதத்துக்கு ஒரு முறை வரிசைப் பட்டியலைக் கம்பத்தில் ஒட்ட வைத்தாள். அதற்குப் பிறகு சண்டை போட அவர்கள் வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

ஆனால் அவள் பெயர் ஊரில் நின்றது தண்ணீரால்தான்.

கஸ்தூரி குடியிருக்கும் சந்தில் இருபத்திரண்டு வீடு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குழாய். தண்ணீர் ஆறு நாளைக்கு ஒரு தடவை வரும். காலை நான்கிலிருந்து பதினொன்றுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், இரண்டு மணி நேரம் நிற்கும். முந்தின நாள் சாயங்காலமே குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிடலாம். ஆனால் தண்ணீர் வரும்போது அந்த வீட்டு ஆளே வந்து நின்றுதான் பிடிக்க வேண்டும், அடுத்த வீட்டுக்காக யாரும் பிடிக்கக் கூடாது. ஒரு சமயம் ஒரே ஆள் மூன்று வீட்டுக்குப் பிடிக்கப்போய் ஒருவர் மண்டை உடைந்தது, அதற்குப் பிறகு சந்தில் எல்லோரும் கூடிப் போட்ட சட்டம் இது. சட்டம் போட்டவர்களே பிற்பாடு அதனால் அவதிப்பட்டார்கள், ஆனால் மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இந்தச் சட்டத்தில் நசுங்கியவள் பாஞ்சாலை. கஸ்தூரிக்கு எதிர்வீடு, ஐம்பது வயது. வேங்கிக்காலில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் சமையல் வேலை. காலை ஐந்து மணிக்கு அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். கணவர் மூர்த்தி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார். பிள்ளைகள் இல்லை. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கிவிடலாம். படுத்திருக்கும் மனிதரைத் துடைத்துவிடவும் அவர் துணியை அலசவும் கேன் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் தண்ணீர் வரும் நாளில் பாஞ்சாலை வீட்டில் இருந்தே ஆக வேண்டும். விடுதியில் வாரம் ஒரு நாள் விடுப்பு உண்டு. எந்த நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் எப்போது வரும் என்று இரண்டு நாள் முன்னால் யாருக்குத் தெரியும்? குழாய் திறந்துவிடுகிற சுப்பிரமணியைக் கேட்டால் மொபெட்டை நிறுத்தாமலே "நாளைக்கு" என்பார். திங்கட்கிழமை கேட்டாலும் நாளைக்கு, புதன்கிழமை கேட்டாலும் நாளைக்கு. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே அன்று காலை போன் வந்தால்தான் தெரியும். இப்படித் தெரியாமல் பாஞ்சாலை திடீர் திடீரென்று வேலைக்குப் போகாமல் நின்றது ஒரே வருஷத்தில் ஏழு தடவை. விடுதி வார்டன் ஜோதியம்மாள் ஏழையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

ஒரு நாள் பாஞ்சாலை கஸ்தூரியின் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏம்மா, எல்லாத்துக்கும் இன்னாவோ பண்றியே, இந்தத் தண்ணி எப்ப வரும்னு உன் பொட்டிக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அதே கேள்வி அந்த மாதத்தில் கஸ்தூரியின் காதில் விழுந்தது அது மூன்றாவது தடவை.

பாஞ்சாலையின் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. தண்ணீர் வந்த நாள்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். பழைய காலண்டரும் அலமாரிக்கு அடியில் விரித்தபடி கிடந்தது. மொத்தம் பதினான்கு மாதம். கஸ்தூரி இரண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேதிகளை எல்லாம் எக்செலில் ஏற்றினாள். ஆறு நாள் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. பௌர்ணமியை ஒட்டி மட்டும் தள்ளிப் போயிற்று. கிரிவலக் கூட்டத்துக்காக அந்த நேரத்தில் தண்ணீரை எல்லாம் கோயில் பக்கமும் மலைச் சுற்றுப் பாதைக்கும் திருப்பிவிடுவார்கள், சந்துக்கு ஒரு நாள் தாமதமாக வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில பௌர்ணமிக்கு இரண்டு நாளும் அதற்கு மேலும் தாமதமாகியிருந்தது. சந்தில் விசாரித்தபோது, "அது மோட்டார் ரிப்பேரும்மா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவளும் அவற்றைத் தனிப் பத்தியில் 'மோட்டார்' என்று போட்டு ஒதுக்கிவிட்டாள்.

மேக்ரோ தயாரானது. கடைசியாகத் தண்ணீர் வந்த தேதியையும் மாதக் காலண்டரில் வெள்ளை வட்டம் போட்ட பௌர்ணமித் தேதியையும் கொடுத்தால், அடுத்து தண்ணீர் வரும் நாளைக் கணக்குப் போட்டு உள்ளங்கை அகலச் சீட்டில் அச்சடித்துத் தரும். சந்தில் அதற்குத் தண்ணிச் சீட்டு என்று பெயர் வந்தது. இரண்டு மாதம், இரண்டு பௌர்ணமி தாண்டியும் சீட்டு ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. பக்கத்துச் சந்துக்காரர்கள் வந்து கேட்டார்கள். கஸ்தூரி நடக்கும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. செய்தவள் நிமிரட்டுமே.

மூன்றாவது பௌர்ணமிக்குச் சீட்டு புதன்கிழமை என்றது. பாஞ்சாலை புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தாள். பதினொன்று அடித்தது. தண்ணீர் வரவில்லை. வியாழக்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிச் சந்து முனையைத் தாண்டும்போது பின்னால் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடிவந்தாள். அன்றைக்கு விடுதியில் எண்பது பெண்கள் இட்லி இல்லாமல் வெறும் பிஸ்கட்டோடு காலேஜுக்குப் போனார்கள்.

ஜோதியம்மாள் கத்துகிற ஆள் இல்லை. நோட்டில் எட்டாவது வரியை எழுதிவிட்டு, நிதானமாகச் சொன்னார். "பாஞ்சாலை, உன் கஷ்டம் எனக்குப் புரியுது. பசங்க பசி எனக்கு அதைவிட ஜாஸ்தி புரியுது. இன்னொரு தடவை இப்டி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன். அடுத்த மாசம் ஞாயித்துக்கிழம ஹாஸ்டல் டே வருது. அன்னிக்கு நீ இல்லன்னா மறுநாள் வரவே வேணாம்."

பாஞ்சாலை அதை வந்து கஸ்தூரியிடம் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கஸ்தூரிக்கு நன்றாக இருந்திருக்கும். "உம் மேல தப்பில்லம்மா, தண்ணி அப்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு மூர்த்திக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு சம்பளத்தில்தான். தன் சீட்டை நம்பியதால்தான் அதற்கு ஆபத்து வந்தது என்பது கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை. கலையரசன் தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார்.

"இன்னாங்க, தட்டுலயே படுத்துடுவீங்க போல" என்றாள் கஸ்தூரி. அவள் எரிச்சல் அவர் மேல் இல்லை, ஆனால் அவர்தான் எதிரில் இருந்தார்.

"பின்ன இன்னா? பௌர்ணமிக்கு ரெண்டு ராத்திரி சவாரி. உடம்பு இன்னும் தெளியல."

"ரெண்டு ராத்திரியா? பௌர்ணமி ஒரு நாள்தானே?"

கலையரசன் கண்ணைத் திறந்து மனைவியை இரக்கத்தோடு பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பது அவருக்கு அதுவே முதல் தடவையாக இருக்கலாம். "ஏம்மா, காலைல பௌர்ணமி ஆரம்பிச்சா அன்னிக்கு ஒரு ராத்திரிதான் கூட்டம். மறுநாள் காலைலயே முடிஞ்சிடும். பொழுது சாயறப்ப ஆரம்பிச்சுதுன்னு வெய்யி, அன்னிக்கு ராத்திரியும் சுத்துவாங்க, மறுநாள் முடியறதுக்குள்ள சுத்தணும்னு அன்னிக்கும் வருவாங்க. ரோட்ட ரெண்டு நாளும் மூடிடுவாங்க. நாங்கல்லாம் டெய்லி காலண்டரப் பாத்துத்தான் எப்ப தூங்கறதுன்னே முடிவு பண்ணுவோம்."

கஸ்தூரி தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"உன் பொட்டிக்கு ஒரு பௌர்ணமிதான். ஊருக்கு ரெண்டு ராத்திரி" என்றார் கலையரசன். தான் சொன்னது அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவையும் சொன்னார். கல்லில் தோசை கருகியது.

மாதக் காலண்டரில் பௌர்ணமிக்கு ஒரே ஒரு வெள்ளை வட்டம்தான் இருக்கும். தினசரி கிழிக்கும் காலண்டரில்தான் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிகிறது என்பது நிமிஷக் கணக்காக இருக்கும். கஸ்தூரி கடைக்குப் போனதும் முதலாளியிடம் கேட்டு, கிழித்த தாள்களுக்குப் பதில் பழைய பஞ்சாங்கங்களைத் தேடி எடுத்து, பதினான்கு பௌர்ணமியின் ஆரம்ப நேரத்தையும் ஏற்றினாள். பகலில் ஆரம்பித்தவை ஒன்பது. ஒன்பதுக்கும் சந்துக்குத் தண்ணீர் ஒரே நாள்தான் தள்ளிப்போயிருந்தது. பொழுது சாய்ந்து ஆரம்பித்தவை ஐந்து. அந்த ஐந்தும் அவள் 'மோட்டார்' என்று ஒதுக்கி வைத்த அதே ஐந்து. நான்கில் இரண்டு நாள் தாமதம். ஐந்தாவதில் மட்டும் ஐந்து நாள், அது உண்மையிலேயே பைப் உடைந்த மாதம். பாவம் அந்த மோட்டார், செய்யாத குற்றத்துக்கு வருஷக்கணக்காகத் திட்டு வாங்கியிருக்கிறது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஊர் சொன்னதை அப்படியே நம்பி, கண் முன்னால் இருந்த ஐந்து தேதியைத் தானே தூக்கி ஓரமாகப் போட்டிருக்கிறாள். எக்செல் அவள் சொன்னதைத்தான் செய்தது. மேக்ரோவில் நான்கு வரி சேர்த்தாள். தேதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது ஆரம்ப நேரத்தையும் கேட்டது. 'மோட்டார்' பத்தியை அழித்துவிட்டு பட்டனை அழுத்திப் பார்த்தாள். பதினான்கில் பதின்மூன்று சரியாக வந்தது. அடுத்த பௌர்ணமிக்கு உரிய நேரத்தையும் போட்டாள். செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றுக்கு மேல் ஆரம்பம், புதன் இரவு முடிவு. அப்படியானால் இரண்டு நாள்.

நாள்கள் நகர்ந்தன. பௌர்ணமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சந்துக்குத் தண்ணீர் வந்தது. ஆறு நாள் கூட்டினால் சனிக்கிழமை. பௌர்ணமிக்கு ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை என்று சந்து மொத்தமும் விரல் விட்டு எண்ணிச் சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஹாஸ்டல் டே. சீட்டு திங்கட்கிழமை என்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கஸ்தூரி பாஞ்சாலையின் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழம தண்ணி வராது. திங்கக்கிழமதான். நீ தைரியமா வேலைக்குப் போ. திங்கக்கிழமைக்கு லீவு சொல்லிடு."

"எல்லாரும் ஞாயித்துக்கிழமன்றாங்களேம்மா."

"போன தடவ நானும் அவங்கள மாதிரிதான் எண்ணினேன். அதான் தப்பாப் போச்சு." காலண்டர், நேரம், இரண்டு ராத்திரி எல்லாவற்றையும் அவள் விளக்கிச் சொன்னாள். பதினான்கில் ஒன்று சேரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. "பைப்பு கிய்ப்பு ஒடஞ்சா நான் பொறுப்பில்லக்கா. மத்தபடி திங்கக்கிழம."

பாஞ்சாலை கட்டிலில் இருந்த மூர்த்தியைப் பார்த்தாள். டிரம்மைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை முடிய இருக்கும், இழுத்துப் பிடித்தால் ஞாயிறு ராத்திரி வரை வரும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்து அவள் இல்லாமல் போனால், இன்னும் ஆறு நாளுக்கு அந்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் சம்பளமே இருக்காது.

"சீட்டக் குடு" என்று கையை நீட்டினாள்.

கஸ்தூரி கொடுத்தாள். பாஞ்சாலை அதை மூர்த்தியின் மாத்திரை டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கஸ்தூரி குழாயடிக்கு வந்துவிட்டாள். சந்தில் இருபத்தொரு வீட்டுக் குடமும் வரிசையில் இருந்தது, கலையரசன் ராத்திரி யாரோ சொன்னதைக் கேட்டு வைத்த இரண்டு குடம் உட்பட. அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பாஞ்சாலையின் குடம் எங்கே என்று தேடினாள். வரிசையில் இல்லை. எதிரே அவள் வீட்டு வாசலில் ஆறு பிளாஸ்டிக் குடமும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றையாவது வரிசையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஒருவேளை தண்ணீர் வந்தால் யாராவது ஆளனுப்பிக் கூப்பிடலாம், ஓடி வந்து கெஞ்சிக் கூத்தாடிப் பிடிக்கலாம். அதற்குக்கூட அவள் இடம் வைக்கவில்லை.

அதைப் பார்த்ததும்தான் கஸ்தூரிக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. பதின்மூன்று சரி, ஒன்று தப்பு. அந்த ஒன்று இன்றைக்காக இருந்தால்?

ஆறு மணிக்குக் குழாய் 'உஸ்' என்றது. சந்து மொத்தமும் எழுந்து ஓடியது. கஸ்தூரி மட்டும் அசையாமல் நின்றாள். காற்றுதான். இரண்டு இருமல் இருமிவிட்டுக் குழாய் அடங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது. பெண்கள் அங்கேயே உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள், வெங்காயம் அரிந்தார்கள். அவள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனில் மணி பார்த்தாள். பதினொன்று ஆனதும் சுப்பிரமணி மொபெட்டில் சந்தைக் கடந்தார்.

"அண்ணே, தண்ணி எப்ப?" என்று ஏழெட்டுக் குரல் ஒன்றாக எழுந்தது.

"நாளைக்கு" என்றார் சுப்பிரமணி.

கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்குத் தண்ணீர் வந்தது. காற்று இல்லை, இருமல் இல்லை, நேராகவே வந்தது. வரிசையில் முதல் ஆள் பாஞ்சாலை. ஞாயிறு சாயங்காலம், எல்லோரும் அலுத்துப்போய்க் குடத்தை வீட்டுக்குள் எடுத்துப்போன நேரத்தில் அவள் ஆறு குடத்தையும் கொண்டுவந்து முன்னால் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கஸ்தூரி.

"நேத்து எப்டிக்கா போச்சு?"

"நூத்தியிருவது பேருக்குக் கேசரி கிண்டினேன். கை இன்னும் வலிக்குது. ஜோதிம்மா நோட்ட மூடி பீரோல வெச்சிட்டாங்க." பாஞ்சாலை நிறைந்த குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். "இன்னிக்கு லீவுன்னு வெள்ளிக்கிழமையே சொல்லியாச்சு. ஒரு வார்த்த பேசல."

கஸ்தூரி தாங்க முடியாமல் கேட்டாள். "ஏங்க்கா, நேத்து ஒரு கொடத்தயாவது வரிசைல வெச்சிட்டுப் போயிருக்கலாம்ல? நான் சொன்னது தப்பாப் போயிருந்தா?"

பாஞ்சாலை குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெச்சிருந்தா உன்ன நம்பலன்னு ஆயிடும். நீ வெளியில வந்து பாப்பன்னு தெரியும். அதான் நீ பாக்கற மாரி கவுத்து வெச்சிட்டுப் போனேன்."

கஸ்தூரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், ஸ்வீட் பாக்ஸ் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் புடவைகூட எடுத்துக் கொடுத்தார். இப்படி யாரும் கொடுத்ததில்லை. அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாஞ்சாலை தன் ஆறாவது குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழாயடியில் குடம் இல்லாமல் தண்ணீர் தரையில் கொட்டியது.

"கஸ்தூரி! தண்ணி வீணாப் போவுது, கொடத்த வெய்யி!" என்று பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து குடத்தை வைத்தாள்.